திக்கினால் கேட்கும், புரியாவிட்டால் கேட்காது

மூன்று வயதாகியும் வாய் திறக்காத குழந்தையை யாராவது ஒருவர் டாக்டரிடம் கூட்டிப் போய்விடுவார்கள். திக்குகிற குழந்தைக்கு நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். அதில் ஒன்றாவது ‘ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்கள்’ என்று இருக்கும். ஐந்து வயதிலும் மழலை மாறாத குழந்தையைப் பற்றி டீச்சரே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். யாரும் எங்கேயும் கூட்டிப் போகாத குழந்தை ஒன்று இருக்கிறது. அது பேசும், உச்சரிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் வகுப்பில் சொன்னதில் பாதி அதற்குப் பிடிபட்டிருக்காது. விளையாடும்போது நடந்த சண்டையைச் சொல்லச் சொன்னால் நடுவில் ஆரம்பித்து, யார் யாரை அடித்தார்கள் என்பதே விளங்காமல் முடித்துவிடும். இந்தக் குழந்தைக்குக் ‘கவனம் இல்லை’, ‘சோம்பேறி’, ‘சொன்ன பேச்சு கேட்பதில்லை’ என்ற பெயர்கள்தான் கிடைக்கும்.

பேச்சு என்பது மூச்சும் குரலும் நாக்கும் உதடும் சேர்ந்து ஒலியை உண்டாக்கும் வேலை. மொழி என்பது அந்த ஒலிக்குப் பின்னால் இருக்கும் சொற்கள், அவற்றைக் கோர்க்கும் விதிகள், யாரிடம் எதை எப்படிச் சொல்வது என்ற விவரம். இரண்டும் ஒன்றாகவே வளர்வதால் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. பிறவியிலேயே காது கேளாமல், சைகை மொழி பேசும் குடும்பத்தில் வளர்ந்த குழந்தையைப் பார்த்தால் வித்தியாசம் சட்டெனத் தெரியும். அது கதை சொல்லும், சண்டை போடும், பொய்கூடச் சொல்லும். பேச்சு இல்லை, மொழி முழுசாக இருக்கிறது. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்பதுதான் முதலில் சொன்ன குழந்தை. காதில் விழும் குறைகளுக்கு நாம் பதறுகிறோம். நீண்ட காலம் தொல்லை தருவது பெரும்பாலும் காதில் விழாத அந்த இன்னொன்றுதான்.

சத்தத்தில் தெரிபவை

உச்சரிப்பிலிருந்து தொடங்கலாம். பெற்றோர் அதிகம் பயப்படுவதும், தேவையில்லாமல் பயப்படுவதும் இங்கேதான். இரண்டரை வயதுக் குழந்தை காக்காவைக் காட்டி ‘தாத்தா’ என்கிறது. ‘க’ வர வேண்டுமென்றால் நாக்கின் பின்பகுதி எழும்பி மேலண்ணத்தின் பின்புறத்தைத் தொட வேண்டும். ‘த’வுக்கு நுனி நாக்கு பல்லைத் தொட்டால் போதும். அதனால் பின்னால் பிறக்கும் ஒலிகள் எல்லாம் முன்னால் வந்துவிடுகின்றன: கை ‘தை’ ஆகிறது, கதவு ‘ததவு’ ஆகிறது. பிழைதான், ஆனால் ஒழுங்கான பிழை. வேடிக்கை என்னவென்றால், அதன் பேச்சையே திருப்பி ‘தாத்தா பறக்குதா?’ என்று நீங்கள் கேட்டால் குழந்தைக்குக் கோபம் வரும். ‘தாத்தா இல்ல, தாத்தா!’ என்று உங்களைத் திருத்தும். காது வித்தியாசத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறது, வாய்க்குத்தான் இன்னும் கைவரவில்லை. ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் இதே விஷயத்தை ஆய்வாளர்கள் 1960-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

இவை தானாகவே மறையும். 27 மொழிகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் வெளியான ஒரு தொகுப்பு, பெரும்பாலான மெய்யொலிகள் ஐந்து வயதுக்குள் வந்துவிடுகின்றன என்று காட்டியது. நாக்கை மடிக்கவும் துடிக்கவிடவும் வேண்டிய ர, ழ போன்றவை கடைசி வரிசையில் நிற்கும். நான்கு வயதுக் குழந்தை பேசுவது வீட்டாருக்கு மட்டும் புரிந்து வெளியாருக்கு ஒன்றுமே புரியவில்லை என்றால் பார்க்க வேண்டும். உயிரொலிகளும் சேர்ந்து குழறினால் பார்க்க வேண்டும். ஒரே சொல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாக வந்தால் நிச்சயம் பார்க்க வேண்டும். வாய்த் தசைகளில் பலவீனம் எதுவும் இல்லாமல், எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு என்று மூளை திட்டமிடுவதிலேயே சிக்கல் இருக்கும் குழந்தைகள் அப்படிப் பேசுவார்கள். இது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரக்கூடிய அரிய வகை. இதற்குச் சாதாரண உச்சரிப்புப் பயிற்சி போதாது. அடிக்கடி, திரும்பத் திரும்பச் செய்யும் தீவிரப் பயிற்சி வேண்டும்.

உறுப்பிலேயே குறை இருப்பதும் உண்டு. உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு ஏறத்தாழ 700 பிறப்புக்கு ஒன்று. அண்ணம் மூடாதபோது ‘ப’, ‘த’, ‘க’ சொல்லத் தேவையான காற்று வாயில் தங்காமல் மூக்கு வழியே போய்விடுகிறது. முதல் பிறந்தநாளை ஒட்டி அறுவை சிகிச்சை செய்து மூடினாலும், அதற்குள் பழகிவிட்ட தவறான வழிகளை மாற்றப் பலருக்குப் பேச்சுப் பயிற்சி தேவைப்படும். நாக்கின் அடியில் இருக்கும் சவ்வு குட்டையாக இருப்பதை மட்டும் எல்லாரும் அளவுக்கு மீறிக் குற்றம் சாட்டுகிறார்கள். அது பால் குடிப்பதைச் சிரமமாக்கலாம். குழந்தை பேசவே ஆரம்பிக்காததற்கு அது காரணம் ஆகாது. ‘நாக்கை வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும்’ என்று நம்பிக் காத்திருப்பவர்கள் வேறு காரணத்தைத் தேடும் காலத்தை இழக்கிறார்கள்.

திக்குவதற்கு ஒரு சங்கடமான வரலாறு உண்டு. 1939-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியரின் மேற்பார்வையில், மேரி டியூடர் என்ற மாணவி 22 அநாதைக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார். சரளமாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம் ‘உனக்குத் திக்க ஆரம்பித்திருக்கிறது, கவனமாகப் பேசு’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பெற்றோரின் பதற்றம்தான் திக்கலை உண்டாக்குகிறது என்பது ஜான்சனின் எண்ணம். அந்தக் குழந்தைகள் திக்குவாயர்களாக மாறியதற்குச் சான்று இல்லை என்பதே பிற்கால மறு ஆய்வின் முடிவு. ஆனால் அவர்கள் பேசவே தயங்கி ஒடுங்கிப் போனார்கள். பல்கலைக்கழகம் 2001-இல் மன்னிப்புக் கேட்டது.

இன்றைக்குத் தெரிந்தது வேறு. திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், குழந்தை நீளமான வாக்கியங்களுக்குத் தாவும் சமயத்தில் தொடங்குகிறது. நூற்றில் ஐந்து பேராவது ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். அவர்களில் நால்வரில் மூவருக்கு மேல் தானாகவோ பயிற்சியாலோ வெளியே வந்துவிடுகிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் அது தங்குகிறது, அதிலும் ஆண்கள் அதிகம். குடும்ப வழி வருவது தெளிவு. முதல் மரபணுத் தொடர்புகள் 2010-இல் கண்டறியப்பட்டன. திட்டியதாலோ பயந்ததாலோ இன்னொரு குழந்தையைப் பார்த்துப் பழகியதாலோ திக்கல் வருவதில்லை. ஆனாலும் அயோவாக் குழந்தைகளின் ஒடுக்கம் ஒன்றைக் காட்டிவிட்டது: திக்கலைச் சுற்றி நாம் கட்டும் பதற்றம் தனியாகவே தீங்கு செய்யும். பத்து வயதில் திக்கும் பையனின் கஷ்டம், திக்கும் அந்த மூன்று வினாடிகளோடு முடிவதில்லை. தன் பெயரின் முதல் எழுத்து வராது என்று தெரிந்து பெயர் சொல்வதையே தவிர்ப்பான், விடை தெரிந்தும் கை தூக்க மாட்டான், கேட்க நினைத்ததை விட்டுவிட்டு எளிதாக வருகிற வேறு எதையோ கேட்பான்.

‘மெதுவா பேசு, மூச்சு விட்டுட்டுப் பேசு’ என்று அறிவுரை சொல்வதைவிட, சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பது மேல். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கோம்ப் முறை பலன் தருவதை 2005-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வு காட்டியது. இந்த முறையில் பயிற்சி தருபவர் தெரபிஸ்ட் இல்லை, பெற்றோர். தினமும் கொஞ்ச நேரம் விளையாடிக்கொண்டே, திக்காமல் வந்த பேச்சை ‘அட, வழவழன்னு வந்துச்சே’ என்று பாராட்டுவது. திக்கிய இடத்தை எப்போதாவது, மெதுவாகச் சுட்டுவது. எவ்வளவு பாராட்டு, எப்போது சுட்டுவது என்பதைத் தெரபிஸ்ட் வாராவாரம் பார்த்துச் சரிசெய்வார். பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும், பாராட்டு அதிகமானால் குழந்தைக்கு எரிச்சல், சுட்டுவது அதிகமானால் பயம். அதனால் வீட்டில் படித்துவிட்டு நாமே செய்துபார்க்கிற காரியம் இல்லை இது.

வீட்டில் வாய் ஓயாமல் பேசிவிட்டுப் பள்ளியில் ஒரு சொல்கூடப் பேசாத குழந்தையும் உண்டு. அது பிடிவாதம் இல்லை; மனநல மருத்துவம் இதைப் பதற்றக் கோளாறுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. வற்புறுத்தினால் மோசமாகும்.

முதலில் காது

பேச்சு வரவில்லை என்று எங்கே போனாலும் முதலில் காதைச் சோதிக்கச் சொல்வார்கள். ‘கதவைச் சாத்தினா திரும்பிப் பார்க்குதே’ என்று பெற்றோர் அதைத் தட்டிக்கழிப்பார்கள். கதவுச் சத்தம் கேட்பதற்கும் ‘ச’வையும் ‘த’வையும் பிரித்துக் கேட்பதற்கும் நிறைய தூரம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு நிரந்தரச் செவிக்குறைவு இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகளவில் ஏற்றுக்கொண்ட கணக்கு. இதன் பின்னணியில் அமெரிக்காவின் கொலராடோவில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளின் மொழி, அதற்குப் பின் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிடத் தெளிவாக முன்னே இருந்தது. அவசரம் ஏன் என்பதற்கும் விடை தெரியும். ஆறு மாதக் குழந்தை எந்த மொழியின் ஒலி வேறுபாட்டையும் கண்டுகொள்ளும்; முதல் வயது நிறைவதற்குள் தன் மொழிக்குத் தேவையானதை வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குக் காதை மூடத் தொடங்கிவிடுகிறது. ஜேனட் வெர்கர் 1980-களில் கனடாவில் இதைக் காட்டினார். குழந்தை முதல் சொல்லைச் சொல்வதற்கு முன்பே பாதி வேலை நடந்து முடிந்துவிடுகிறது.

அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கட்டிக்கொள்வது வேறு விஷயம். வலி இருக்காது, அதனால் தெரியாது. ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் தலையணைக்குள் இருந்து கேட்பதுபோலக் கேட்கும். பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். மாதக்கணக்கில் நின்றால் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்க்க வேண்டும்.

வகுப்புக்கு இரண்டு பேர்

காது சரி, அறிவுத்திறன் சரி, ஆட்டிசம் இல்லை, மூளையில் அடிபடவில்லை. இருந்தும் மொழி மட்டும் பிடிபடவில்லை என்ற நிலைக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். 2017-இல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகளின் வல்லுநர்கள், பிரிட்டிஷ் உளவியலாளர் டாரத்தி பிஷப்பின் முன்முயற்சியில் ஒரே பெயருக்கு ஒப்புக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் டெவலப்மென்டல் லாங்குவேஜ் டிஸார்டர், சுருக்கமாக டி.எல்.டி. தமிழில் வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று சொல்லலாம். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பள்ளி சேரும் குழந்தைகளிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில் இது நூற்றுக்கு ஏழரை பேருக்கு இருந்தது. முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். ஆட்டிசத்தைவிட இது அதிகம். ஆனால் ஆட்டிசம் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர் இல்லை, இதைக் கேள்விப்பட்டவர் இல்லை. 1997-இல் அமெரிக்காவில் நடந்த கணக்கெடுப்பில், குறைபாடு இருப்பதாகத் தெரியவந்த ஐந்து வயதுக் குழந்தைகளின் பெற்றோரில் 29 விழுக்காட்டினருக்கு மட்டுமே அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தார்கள். மீதிப்பேர் வீட்டிலும் பள்ளியிலும் குழந்தை பேசிக்கொண்டுதானே இருந்தது!

எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ஒரு டீச்சர் சொல்கிறார்: ‘கணக்கு நோட்டை எடுக்கிறதுக்கு முன்னாடி, நேத்து எழுதினதுல தப்பு இருக்கிறவங்க மட்டும் அதைத் திருத்திட்டு என்கிட்ட காட்டுங்க.’ சாதாரண வாக்கியம்தான். ஆனால் இதில் முதலில் சொன்னது கடைசியில் செய்ய வேண்டியது. அதைத் தெரிவிப்பது ‘முன்னாடி’ என்ற ஒரே சொல். எல்லாருக்கும் இல்லை, சிலருக்குத்தான் என்பதைத் தெரிவிப்பது ‘மட்டும்’. யார் அந்தச் சிலர் என்பது ‘தப்பு இருக்கிறவங்க’ என்பதற்குள் இருக்கிறது. இதையெல்லாம் அவிழ்க்கும்வரை முழு வாக்கியத்தையும் மனத்தில் பிடித்துவைத்திருக்க வேண்டும். டி.எல்.டி. உள்ள ஏழு வயதுப் பையனுக்குப் பிடிபட்டது ‘கணக்கு நோட்டை எடு’. எடுக்கிறான். பக்கத்துப் பையன் வேறு எதையோ செய்வதைப் பார்க்கிறான், அதையே தானும் செய்கிறான். நாலு நாள் இப்படி ஓடும். ஐந்தாம் நாள், ‘என்ன, காப்பி அடிக்கிறியா?’

சோதிக்கும் முறைகளில் ஒன்று, பொருளில்லாத சொற்களைச் சொல்லச் சொல்வது. ‘தோபி.’ சொல்கிறான். ‘மேலுகா.’ சொல்கிறான். ‘கேசலுமாடி.’ ‘கேலுமாடி’ என்கிறான். ‘பிரதுனாமிகோ.’ ‘பிர... மிகோ’. நாக்குக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. நீளம் கூடக் கூட, கேட்ட ஒலிகளின் வரிசை மனத்தில் நிற்காமல் கரைந்துவிடுகிறது. புதுச் சொல் எதுவுமே முதல் முறை கேட்கும்போது நமக்குப் பொருளில்லாத சொல்தானே. ஒரு குழந்தை இரண்டு முறை கேட்டுப் பிடித்துக்கொள்கிற சொல்லை இந்தப் பையன் இருபது முறை கேட்க வேண்டியிருக்கிறது. ‘அது’, ‘இது’, ‘அந்த... அந்த இருக்குல்ல’ என்று அவன் பேச்சு நிறைவதும் அதனால்தான்.

மொழிக்கு மொழி இதன் முகம் மாறும். ஆங்கிலக் குழந்தைகளிடம் இறந்தகால விகுதி விடுபடுவது முக்கியமான அடையாளம். இத்தாலியக் குழந்தைகளிடம் வினையை ஒட்டி வரும் குட்டி பிரதிப்பெயர்கள் விடுபடுகின்றன. ஆகவே ஒரு மொழிக்குச் செய்த சோதனையை அப்படியே மொழிபெயர்த்து இன்னொரு மொழிக் குழந்தைக்கு வைத்து மதிப்பெண் போட்டால் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தம் இல்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இது வருவதும் இல்லை. இரண்டு மொழி தெரிந்த குழந்தைக்கு டி.எல்.டி. இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும். ஒன்றில் மட்டும் தடுமாறினால் அந்த மொழி இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். ‘குழப்பமா இருக்கும், வீட்டு மொழியை விட்டுடுங்க’ என்ற அறிவுரை இன்னும் உலவுகிறது. அதைக் கேட்டு வீட்டு மொழியை நிறுத்தியவர்களின் குழந்தைக்குத் தாத்தா பாட்டியோடு பேசும் வாய்ப்பும் போய்விடுகிறது.

காரணம் என்ன? பெற்றோர் பேசாமல் விட்டதா, மொபைலா? இரட்டையர் ஆய்வுகள் பரம்பரையைத்தான் அழுத்தமாகக் காட்டுகின்றன. 2001-இல் லண்டனில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இருந்த பேச்சுக் கோளாறுக்கு ஃபாக்ஸ்-பி-2 என்ற ஒற்றை மரபணுவில் வந்த மாற்றம் காரணம் என்று கண்டறிந்தபோது, பத்திரிகைகள் ‘மொழி மரபணு’ என்று கொண்டாடின. அது அந்தக் குடும்பத்தின் கதை. டி.எல்.டி. உள்ள பெரும்பாலான குழந்தைகளிடம் அந்த மாற்றம் கிடையாது. சின்னச் சின்ன விளைவுள்ள பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆகவே தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை விட்டுவிடலாம்.

பள்ளியில் தொடங்கி

விளைவுகள் மெதுவாகக் கிளை விடுகின்றன. முதலில் படிப்பு. 1986-இல் கஃப், டன்மர் என்ற இருவர் சொன்ன ஒரு எளிய கணக்கு உண்டு: படித்துப் புரிந்துகொள்வது என்பது, எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனும் காதால் கேட்டால் புரியும் திறனும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல்; ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். டி.எல்.டி. உள்ள பல குழந்தைகளுக்கு இரண்டுமே பலவீனம். சிலர் எழுத்தைக் கூட்டி அழகாக வாசித்துவிடுவார்கள், அதனால் ஆசிரியர் ஏமாந்துபோவார். கணக்கிலும் இது வரும் என்று பலர் எதிர்பார்ப்பதில்லை. ‘ராணியிடம் 12 பென்சில் இருக்கிறது. அது ரவியிடம் இருப்பதைவிட 5 அதிகம். ரவியிடம் எத்தனை?’ பையன் 17 என்று எழுதுகிறான். 12-இலிருந்து 5 போனால் 7 என்பது அவனுக்குத் தெரியும். ‘அதிகம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டிவிட்டான். ‘கணக்கில் வீக்’ என்று ரிப்போர்ட் கார்டு சொல்லும்.

அப்புறம் நட்பு. விளையாட்டின் விதிகளை யாரும் இரண்டு முறை விளக்குவதில்லை. கேலி எது, நிஜம் எது என்று தொனியிலும் சொல்லிலும் நொடியில் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாதவன் அடித்துவிடுகிறான், அல்லது ஒதுங்கிவிடுகிறான். அடிப்பவனை எல்லாரும் பார்க்கிறார்கள். நடத்தைப் பிரச்சினை, உணர்ச்சிப் பிரச்சினை என்று அடையாளம் காணப்பட்ட குழந்தைகளின் மொழியைச் சோதித்த பல ஆய்வுகளை 2014-இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, ஐந்தில் நான்கு பேருக்கு அதுவரை யாரும் கண்டுபிடிக்காத மொழிக் குறைவு இருந்தது. என்னைக் கேட்டால், குழந்தை மனநல மருத்துவமனைகளில் முதல் நாளே மொழிச் சோதனை நடக்காததற்கு எந்த நியாயமும் இல்லை. குற்றம் செய்து காப்பகங்களில் இருக்கும் இளைஞர்களைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மொழிச் சிக்கல் தெரியவருகிறது. ‘அன்று இரவு, அவர் வருவதற்கு முன், நீங்கள் அங்கே இல்லை என்று சொன்னீர்களே, அது சரிதானா?’ என்று விசாரணையில் கேட்டால் அவன் தோளைக் குலுக்குவான். அது திமிர் என்று பதிவாகும்.

நீண்ட காலப் படம் கனடாவின் ஒட்டாவாவிலிருந்து வருகிறது. 1982-இல் ஐந்து வயதுக் குழந்தைகளில் பேச்சு அல்லது மொழிக் குறைபாடுள்ள 142 பேரையும், அவை இல்லாத 142 பேரையும் தேர்ந்து, அவர்கள் முப்பது வயதைத் தாண்டும்வரை பின்தொடர்ந்தார்கள். பேச்சில் மட்டும் குறை இருந்தவர்கள் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே ஆகிவிட்டார்கள். மொழிக் குறைபாடு இருந்தவர்கள் 19 வயதில் பதற்றக் கோளாறுகளில், குறிப்பாக நாலு பேர் முன்னால் போகப் பயப்படுவதில், முன்னே நின்றார்கள். 25 வயதில் படிப்பிலும் வேலை நிலையிலும் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் ‘உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது?’ என்று அவர்களையே கேட்டபோது, மற்ற இரண்டு குழுக்களைவிடக் குறைவாக அவர்கள் சொல்லவில்லை. குடும்பமும் நண்பர்களும் பலமாக இருந்தவர்கள் எந்தக் குழுவில் இருந்தாலும் நன்றாக இருந்தார்கள். இந்தக் கடைசிப் பகுதியை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு.

காத்திருக்கலாமா

ஒரு வயதை ஒட்டி முதல் சொல், இரண்டு வயதில் ஐம்பது சொற்களும் ‘அம்மா வா’ போன்ற இரட்டைச் சொற்களும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு வயதில் இந்தக் கணக்கை எட்டாதவர்கள் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர், அவர்களில் பாதிக்கு மேல் பள்ளி வயதுக்குள் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ‘பேசிடுவான், விடுங்க’ என்று சொல்பவர் பாதிக்கு மேல் சரி, சிக்கலே அதுதான். யார் எட்டிப் பிடிப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சில அடையாளங்கள் உதவும். பேசாவிட்டாலும் சொன்னது புரிகிறது, விரலைக் காட்டிக் கேட்கிறது, கையாட்டுகிறது, தலையசைக்கிறது என்றால் நம்பிக்கை அதிகம். புரிவதும் குறைவு, சுட்டிக் காட்டுவதும் இல்லை என்றால் காத்திருக்கக் கூடாது. வந்த சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதிலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். ‘இவன் அப்பாவும் லேட்டாதான் பேசினார்’ என்பதை ஆறுதலாகச் சொல்வது வழக்கம். மருத்துவர் அதைக் கேட்டால் ஆறுதல் கொள்ள மாட்டார். குடும்பத்தில் இருப்பது ஆபத்தைக் கூட்டும் காரணி.

திரையைப் பற்றி ஒரு வார்த்தை. 2003-இல் பாட்ரிசியா குல் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பன்னிரண்டு முறை கேட்க வைத்தார். நேரில் ஒருவர் விளையாடிக்கொண்டே பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆள், அதே பேச்சு, வீடியோவில் வந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. திரை டி.எல்.டி.யை உண்டாக்குகிறது என்பதற்கு இது சான்று ஆகாது. பேச்சு வளர்க்கும் வீடியோ என்று விற்பதை நம்ப வேண்டாம் என்பதற்குச் சான்று.

வீட்டில் செய்யக்கூடியதும் பலன் தரக்கூடியதும் கேள்வியைக் குறைப்பது. பேச்சு வராத குழந்தையின் முன் உட்கார்ந்து ‘இது என்ன? இது என்ன கலர்? நாய் எப்படிக் கத்தும்?’ என்று பரீட்சை வைப்பது எல்லாருக்கும் இயல்பாக வருகிறது. அதற்குப் பதிலாக அது பார்ப்பதை நாம் சொல்ல வேண்டும். குழந்தை ‘நாய் ஓடு’ என்றால் ‘தப்பு, ஓடுதுன்னு சொல்லு’ என்று நிறுத்தாமல் ‘ஆமா, நாய் ஓடுது. வேகமா ஓடுது’ என்று சரியான வடிவத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் பெரியவர்களுக்கு வரவே வராது. பேச முடியாத குழந்தைகளுக்குப் படப் பலகையோ பேசும் கருவியோ கொடுத்தால் வாய் திறக்கவே மாட்டார்கள் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. ஆய்வுகளில் பேச்சு குறையவில்லை, சிலருக்குக் கூடியது.

தெரபியால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். உச்சரிப்பிலும் சொல்வளத்திலும் பயிற்சி நன்றாக உதவுகிறது. புரிந்துகொள்ளும் திறனில் அதே அளவு பலனுக்கு ஆதாரம் குறைவு. ஐந்து வயதில் டி.எல்.டி. இருந்த பெரும்பாலோருக்கு அது பெரியவர்களான பின்னும் கூடவே வருகிறது. அதனால் குழந்தையை மட்டும் மாற்றப் பார்ப்பதைவிடச் சுற்றியிருப்பவர்கள் பேசும் விதத்தை மாற்றுவது பாதி வேலை. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, செய்ய வேண்டிய வரிசையிலேயே. புதுச் சொற்களைப் பாடம் தொடங்கும் முன்பே தனியாகச் சொல்லித் தருவது. பதில் சொல்ல அவகாசம். தேர்வில் கேள்வியை வாசித்து விளக்க ஒருவர். பதினோரு, பன்னிரண்டு வயதானவனிடம் அவனுக்கு இருப்பது என்னவென்று பெயர் சொல்லி விளக்கிவிடுவதும் உதவும். இல்லையென்றால் ‘முட்டாள்’ என்ற பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொள்வான். சொன்னது புரிந்ததா என்று பார்க்க ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதில் பயன் இல்லை. இத்தனை வருடத்தில் அவன் அதற்கு ‘ம்’ சொல்லப் பழகியிருப்பான். ‘சரி, இப்ப முதல்ல என்ன செய்யப் போற?’ என்று கேட்க வேண்டும்.